மஞ்சள் முதுகுகள்

கட்டியவன் முதற்கொண்டு எல்லோரும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் நுழைகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? அப்படிப்பட்டவள் அன்று காலை நடுக்கடலில், படகில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் காற்றுக்குழாய் பிடிக்கும் கொழுந்தன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கண்ணாடித் தொட்டிகளுக்கு உயிர்மீன் வாங்கும் வியாபாரியோ சாயங்காலமே வந்து நிற்பான்.

"என்னங்க, நாளைக்குப் போனா ஆகாதா?"

"நாளைக்கு மட்டும் நீ புலியாயிடுவியா? துடுப்பைப் பிடி. நங்கூரம் போட்டா பாறை உடையும். படகு என் தலைக்கு மேலயே நிக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியைத் தண்ணீரில் அழுத்திக் காட்டினான். கலங்கலுக்குள் ஒரு பாறை மேடு. அதன் மேல் கையகல மஞ்சள் மீன்கள் கூட்டமாக, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, நீரோட்டத்தை எதிர்த்து நின்றன.

"சின்னச் சங்கரா. ராத்திரியில தனித்தனியாப் போய் நண்டு, இறால்னு வேட்டையாடும். பகல்ல உன் அக்கா தங்கச்சிங்க மாதிரி, ஒண்ணை விட்டு ஒண்ணு நகராது. விரட்டினாலும் ஒரு சுத்து சுத்திட்டு அதே பாறைக்குத்தான் வரும். மஞ்சள் நிக்கிற இடத்துல நான் இருப்பேன்."

கைவலையை எடுத்துக்கொண்டு, காற்றுக்குழாயை வாயில் கவ்வியபடி இறங்கினான். பாறை இடுக்கில் புகுந்ததும் ஆள் தெரியவில்லை.

காற்று பம்பின் மோட்டார் தடதடத்தது. அலை சிலிர்த்துக் கிடந்ததால் அவன் விடும் குமிழ்கூடக் கண்ணில் படவில்லை. அவளுக்கு மஞ்சள்தான் துணை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஓர் அலை முகத்தில் அடித்தது. உப்பெரிச்சலில் கண்ணைத் தேய்த்துவிட்டுக் குனிந்தால், கீழே வெறும் கலங்கல். பாறையும் இல்லை, மஞ்சளும் இல்லை. இரண்டு போடு துடுப்புப் போட்டாள். அதோ, மஞ்சள்! கூட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கீழே அவர்தான் விரட்டுகிறார் போல என்று நினைத்து, அதன் பின்னாலேயே போனாள். சுருளிலிருந்து குழாய் சரசரவென்று ஓடியது. ஓடி ஓடி, சுருள் தீர்ந்தது. குழாய் படகின் விளிம்பில் விறைத்து நின்றது.

மறுபடி பெட்டிக்குள் பார்த்தாள். மீன்கள் மணலில் மூக்கை நுழைத்து, தாடைக்குக் கீழிருந்த மீசையால் துழாவிக்கொண்டிருந்தன.

சங்கராவுக்கு ஏது மீசை?

இது நகரை மீன். அடுப்படியில் எத்தனை தடவை அந்த மீசையைக் கிள்ளி எறிந்திருக்கிறாள்! மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் மஞ்சள் முதுகுதான்.

அப்போது குழாய் பொசுக்கென்று தளர்ந்தது. இழுத்தாள். கனமே இல்லாமல் வந்தது. கடைசியில் நுனியும் வந்தது, சீறிக்கொண்டு, ஆளில்லாமல்.

"என்னங்க!"

கத்தல் கடலில் எங்கும் முட்டவில்லை. துடுப்பை எந்தப் பக்கம் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டாள். படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. தாலி, சாமி, கொழுந்தனின் காய்ச்சல் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

தூரத்தில் ஒரு தலை எழும்பி, இருமியது.

எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் விளிம்பைப் பிடித்துத் தொங்கினான்.

"வாயிலேர்ந்து குழாயைப் புடுங்கிட்டு எங்கடி போன?"

"நகரை பின்னாடி..."

"நகரையா!" சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. ஏறி உட்கார்ந்ததும், "வலை கீழயே கெடக்கு. ஒரு நிமிஷம், எடுத்துட்டு வந்துடறேன்" என்றான்.

அவள் மோட்டாரை அணைத்தாள்.

"இறங்கினீங்கன்னா நானும் குதிச்சிடுவேன்."

"உனக்குத்தான் நீச்சலே தெரியாதே."

"தெரியாது."

முதல்முறையாக அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வலையைக் கீழேயே விட்டுவிட்டு, துடுப்பை எடுத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.

கரை வந்து சேரும்வரை குழாயின் நுனியை அவள் கைவிடவே இல்லை.