எங்கள் அண்ணி கேட்டார்

"எங்கள் அண்ணி கேட்டார்" என்றுதான் என் கொழுந்தனின் ஒவ்வொரு கட்டுரையும் ஆரம்பிக்கும். நான் அவனிடம் எதையுமே கேட்டதில்லை, அதுதான் வேடிக்கை.

அவன் பத்திரிகைக்காரன். எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காய்கறி விலையும் மழை நிலவரமும் எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் மின்னலுக்கு அப்புறம்தான் இடி கேட்பது ஏன் என்று நாலு பத்தி எழுதினான். வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே பிழைப்பு. பால் பொங்குகிறது, தண்ணீர் ஏன் பொங்குவதில்லை? தேர்தல் ஓட்டுகளை எப்படி எண்ணுகிறார்கள்? வட்டி ஏறினால் வீட்டு வாடகைக்கு என்ன வந்தது? பத்திரிகையில் எழுதினான், ரேடியோவில் பேசினான், கொஞ்ச நாள் டிவியில் பலூனும் பக்கெட்டுமாக வித்தைகூடக் காட்டினான். ஊரில் அவனுக்கு 'ஏன்-எப்படிக்காரர்' என்றே பெயர். எங்கே போனாலும் கூடவே என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"எங்கள் அண்ணி கேட்டார்: பூமி சுற்றுகிறதென்றால் எனக்கு ஏன் தலை சுற்றவில்லை?"

"எங்கள் அண்ணி கேட்டார்: கண்ணுக்கே தெரியாத கிருமியை எண்ணிப் பார்த்தது யார்?"

முதலில் எனக்கும் சிரிப்புதான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்ததுமே என் வீட்டுக்காரர், "இன்னைக்கு என்ன கேட்டிருக்கே?" என்பார்.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க. எனக்கும் தெரிய வேண்டாமா?"

அப்போது நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தேன். கைக்குழந்தையோ, நரம்பு ஓடி ஒளியும் கிழவரோ, ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். மற்றவர்கள் தட்டித் தட்டித் தேடி அலுத்துப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்ற பெயர் எனக்குச் சும்மா வந்ததில்லை.

ஒரு நாள் காலையில், சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்த ஒருவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க ஏன்-எப்படிக்காரரோட அண்ணிதானே?"

"ஆமாங்க. கையை இப்படி வைங்க."

மடித்த சட்டை மெதுவாகக் கீழே இறங்கியது.

"தப்பா நினைக்காதீங்க. வேற யாராவது இருந்தா..."

"ஏன், என்னாச்சு?"

"இல்ல... எனக்கு ஏன் தலை சுத்தலன்னு கேட்டவங்க... ஊசி விஷயம் பாருங்க."

அடுத்த மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மனிதர் அவளிடம் போய் உட்கார்ந்தார். அவள் இந்தக் கை, அந்தக் கை என்று குத்திக்கொண்டே இருந்தாள். அவருடைய ஒவ்வொரு 'ஆ'வும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது போதவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே என்னை உன் கட்டுரைக்குள்ள இழுக்காதே."

"என்ன அண்ணி திடீர்னு?"

நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அண்ணி, யாராவது கேட்டாத்தானே நான் பதில் சொல்ல முடியும்?"

"உங்க அண்ணன் கேட்டதா எழுது."

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "எனக்கு ஆபீஸ்ல ஒரு மரியாதை இருக்கு!"

"எனக்கு இல்லையா?"

"சரி அண்ணி, இனிமே இழுக்கல," என்று கொழுந்தன் கை கழுவ எழுந்து போனான்.

கொழுந்தன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். அடுத்த ஞாயிறு பேப்பரில் அண்ணி இல்லை. ஐசியூவில் மெஷின் ஏன் 'பீப் பீப்' என்கிறது என்று எழுதியிருந்தான். அதற்கடுத்த ஞாயிறும் அண்ணி இல்லை. துக்கம் வந்தால் தொண்டை ஏன் அடைக்கிறது என்று எழுதியிருந்தான். இரண்டுமே ஆசிரியர் கொடுத்த தலைப்பு. அவன் மனசில் ஒரு கள்ளமும் கிடையாது. ஆனால் உலகத்துக்கே விளக்கம் சொல்கிறவனுக்கு, இதையெல்லாம் வரிசையாகப் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் வயசுப் பெண்மணி ஒருவர், கையில் வெள்ளைப் பூங்கொத்து.

"ஏன்-எப்படி சார் வீடுதானே? பத்திரிகை ஆபீஸ்ல கெஞ்சி விலாசம் வாங்கினேன்."

"இந்த வீடுதான். அவன் வெளியே போயிருக்கான். உள்ளே வாங்க."

உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எப்படிம்மா போனாங்க? ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"யாரு?"

"அண்ணி."

என் தொண்டை அடைத்துக்கொண்டது. துக்கத்தில் அல்ல.

"நான்தாங்க அந்த அண்ணி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சூடு இருக்கிறதா என்று சோதிப்பதுபோல் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்தார்.

"அப்ப... அந்த ஐசியூ மெஷின்?"

"கட்டுரைங்க."

"தொண்டை அடைச்சது?"

"அதுவும் கட்டுரைதான். நான் தினமும் வேலைக்குப் போய்ட்டுத்தான் இருக்கேன்."

"அய்யோ, நான் பஸ் முழுக்க அழுதுட்டு வந்தேனே! பக்கத்து சீட்டுக்காரர் தண்ணி பாட்டிலையே கொடுத்துட்டார்." அழுகையும் சிரிப்புமாகப் பூங்கொத்தைப் பார்த்தார். "இதை என்ன பண்றது?"

"கொடுங்க, தண்ணியில வைக்கிறேன். உசிரோட இருக்கிறவங்களுக்கும் பூ பிடிக்கும்."

டீ போட்டேன். குடித்துக்கொண்டே அவர் பேசினார். தையல் வேலையாம். வீட்டில் மற்ற எல்லாரும் பெரிய படிப்பு.

"நான் ஏதாவது கேட்டா, 'இதுகூடத் தெரியாதா?'ன்னு சிரிப்பாங்க. அதனால கேக்கிறதையே விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பிரிச்சா, நான் கேக்க நினைச்சதை நீங்க கேட்டிருப்பீங்க. உங்களுக்குத்தான் வெக்கமே கிடையாதே! அதான் எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

வெட்கமில்லாததற்காக என்னை யாரும் அதுவரை பாராட்டியதில்லை. அந்தக் கேள்வியெல்லாம் என்னுடையதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப ஏதாவது கேக்கணுமா?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "லேப்ல கலர் கலரா மூடி போட்ட குழாய்ல ரத்தம் பிடிக்கிறாங்களே. எல்லாம் என் ஒருத்தி ரத்தம்தானே? எதுக்கு அத்தனை குழாய்?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்க லேப்ல ஊதா மூடிக்குள்ள ரத்தம் உறையாம இருக்க மருந்து வச்சிருக்கும். அணுவை எண்ணணும்னா ரத்தம் உறையக் கூடாது. சிவப்பு மூடியில உறையவே விடுவோம். உறைஞ்சப்புறம் மேல தெளிவா ஒரு நீர் நிக்கும். கொழுப்பு, உப்பு எல்லாம் அதுலதான் பாப்போம்."

"மாத்திப் பிடிச்சுட்டா?"

"ரிசல்ட் கோணலா வரும். அதனாலதான் எதை முன்னே பிடிக்கணும், எதைப் பின்னே பிடிக்கணும்னு வரிசை வச்சிருக்கு. பிடிச்சப்புறம் குலுக்கவும் கூடாது, மெதுவாக் கவுத்து நிமிர்த்தணும்."

அவர் டீயை மறந்துவிட்டார். "இவ்வளவு தெரிஞ்சவங்க, பேப்பர்ல ஏன் கேட்டுட்டே இருக்கீங்க? ஒரு நாளாவது சொல்லக் கூடாதா?"

சாயங்காலம் கொழுந்தன் வேர்த்து விறுவிறுத்து வந்தான்.

"அண்ணி, ஆபீஸ்ல போன் ஓயல! எல்லாரும் துக்கம் விசாரிக்கிறாங்க. 'உங்க அண்ணியை அடுத்த வாரம் எழுப்பி உக்கார வை, இல்லேன்னா நீ வீட்ல உக்காரு'ங்கறார் ஆசிரியர். ஒரே ஒரு வரி போட்டுக்கட்டுமா? 'அண்ணி நலம்'னு?"

"ஒரு வரி எதுக்கு? முழுக் கட்டுரையே போடு. நான் லேப்ல செய்யற வேலையைப் பத்தி. நான் சொல்றேன், நீ கேளு."

"நானா? நான் கேட்டா முட்டாள் மாதிரி ஆயிடுமே!"

அவன் சொன்னது அவன் காதிலேயே விழட்டும் என்று விட்டுவிட்டேன். விழுந்தது. காது மடல்வரை சிவந்தான்.

"சரி அண்ணி. நாளைக்கு லேபுக்கு வரேன்."

வந்தான். தடுப்பூசியைப் பற்றி ரேடியோவில் மணிக்கணக்காகப் பேசியவன், என் ஊசியைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"ஏன் அண்ணி கையில பட்டி கட்டுறீங்க?"

"ரத்தம் திரும்பிப் போகாம தேங்கி நரம்பு புடைக்கிறதுக்கு. இந்தப் பக்கம் பாரு, எழுத வேண்டாமா?"

பார்த்தான். அதோடு சரி.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கட்டுரையைப் படித்துக் காட்டினான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஓரிடம் வரும்வரை.

"'கட்டுரையாளர் சற்றே அசௌகரியமாக உணர்ந்தார்.' என்னடா இது?"

"அதான் அண்ணி, அந்த..."

"விழுந்தேன்னு எழுது."

"விழல அண்ணி. சாஞ்சேன்."

"பக்கத்து மேஜைப் பொண்ணு தாங்கிப் பிடிச்சா."

"அது வேண்டாமே. ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு, அவங்களும் ஏன்னு யோசிப்பாங்க. கேளு."

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். கொழுந்தன் பேனாவை எடுத்தான்.

"நான் ஏன் சாஞ்சேன் அண்ணி?"

"ரத்தத்தைப் பாத்த அதிர்ச்சியில நெஞ்சு துடிக்கிறது மெதுவாகுது, ரத்தக் குழாயெல்லாம் விரியுது. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் குறையுது. ஆளைப் படுக்க வச்சா தானா சரியாயிடும். இதுல கோழைத்தனம் ஒண்ணும் இல்ல."

"அந்தக் கடைசி வரியையும் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. திங்கட்கிழமை லேபில் வரிசை நகரவே இல்லை. உட்கார்ந்தவர்களெல்லாம் குழாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஊதா மூடியில் சந்தேகம், இன்னொருவருக்குத் தன் ரத்தம் மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கவலை. பெரிய டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது லேபா, ரேடியோ ஸ்டேஷனா?"

"ரெண்டும் ஒரே கையில நடக்குது டாக்டர்," என்றேன். அப்புறம் எதிரே இருந்தவரிடம் திரும்பினேன். "முஷ்டியை மடக்குங்க. ம், இப்பக் கேளுங்க."