ஐந்தாவது ஏன்

மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றதும் லோகேஸ்வரனின் கண் முதலில் போவது டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கைக்குத்தான். அதில் ரத்னமாலா உட்கார்ந்திருப்பாள். அவள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். பஸ் கிளம்பும் பிள்ளையார்பாளையத்திலேயே ஏறிவிடுகிறாள். முதலில் ஏறுகிறவர் முதல் இருக்கையில் உட்காருகிறார், அவ்வளவுதான். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரியும்.

ஒரகடத்தில் கார்களுக்கு முன்விளக்கு செய்யும் தொழிற்சாலை அது. தரக்கட்டுப்பாட்டுக்கு லோகேஸ்வரன் மேனேஜர், உற்பத்திக்கு ரத்னமாலா மேனேஜர். இருவருக்கும் மேலே பிளான்ட் ஹெட் பாலாஜி. நடுவே இருந்த ஏ.ஜி.எம். பதவி ஆடி மாதத்திலிருந்து காலியாகக் கிடந்தது. பொங்கலுக்குள் ஆள் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. வெளியாள் வரமாட்டார்; ஒன்று அவள், இல்லை அவன். சர்வீசில் அவன் அவளைவிட நான்கு வருடம் மூத்தவன்.

மூத்து என்ன பயன்? மாலை மீட்டிங் ஐந்தரையைத் தொட்டால் பாலாஜி கடிகாரத்தைப் பார்ப்பார். "முடிச்சிக்கலாம்பா. ரத்னமாலா பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்" என்பார். அவள் ஜைன வீட்டுப் பெண். இருட்டிய பிறகு சாப்பிடமாட்டாள் என்பது கேன்டீன் வரைக்கும் தெரியும். லோகேஸ்வரன் பதினோரு வருடமாகக் கிருத்திகை விரதம் இருக்கிறான். விரதம் முடிக்கக் குமரகோட்டம் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவனும் ஒருநாள் சொல்லிப் பார்த்தான். "நல்லதுய்யா, நமக்கும் சேத்து வேண்டிக்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஏழு மணி வரை பேசினார் பாலாஜி.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் புகார் வந்தது. கார் கம்பெனியிலிருந்து விளக்குகள் திரும்பி வந்தன. கண்ணாடிக்கு உட்புறம் பனி படிந்திருந்தது. எங்கோ ஓட்டை இருக்கிறது, ஈரம் உள்ளே போகிறது.

இப்படி ஏதாவது வந்தால் எல்லோரும் கூடி 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது அங்கே வழக்கம். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஒரு ஏன். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் மூலகாரணம். அது எந்தத் துறைமேல் விழுகிறதோ, அந்தத் துறையின் தலை உருளும். கேள்வி கேட்கும் வேலை தரக்கட்டுப்பாட்டுடையது. அதாவது, மார்க்கர் லோகேஸ்வரன் கையில்.

ஆனால் அவனுக்கும் ஒரு பயம் இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு விளக்கையும் காற்றடைத்து ஓட்டை பார்த்துதான் அனுப்புவார்கள். பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்று ஆவணியில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். வேலை சீக்கிரம் முடிகிறது என்று பாலாஜி அன்று முதுகில் தட்டினார். இப்போது யாராவது "ஓட்டை விளக்கு ஏன் வெளியே போச்சு?" என்று கேட்டுவிட்டால், ஏ.ஜி.எம். பதவியை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே அந்தக் கேள்வி எழாதபடி அவன் போர்டில் வேகமாக எழுதிக்கொண்டு போனான். ஏன் பனி? ஈரம் போனது. ஏன் போனது? ஓரத்தில் பசை விட்டுப்போயிருக்கிறது. ஏன் விட்டுப்போனது? பசை வரும் குழாயின் முனை பாதி அடைத்துக்கொண்டது.

"ஏன் அடைச்சிக்கிச்சு மேடம்?" என்று திரும்பி ரத்னமாலாவைப் பார்த்துக் கேட்டான்.

"பழைய மெஷின் சார். கையாலதான் துடைச்சிக்கினு இருக்கோம். ஷிப்டுக்கு ஒரு தடவை."

"ஒரு தடவை போதாதுன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் விட்டீங்க?"

ரத்னமாலா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஆவணி மாதத்துக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அதன் நகல் அவளுக்கும் போயிருந்தது. இப்போது வாயைத் திறப்பாள் என்று அவனுக்குப் பட்டது.

"ஆமா சார், என் லைன்தான். எழுதிக்கோங்க" என்றாள்.

காரணம்: உற்பத்தி. பொறுப்பு: ரத்னமாலா. கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு மார்க்கரை மூடினான்.

அன்று இரவு அவன் மனைவி கௌசல்யா கேட்டாள். "என்னா, மூஞ்சில பல்பு எரியுது?"

"ஒண்ணுமில்ல. வேலை நல்லபடியா முடிஞ்சுது."

"யாருக்கு முடிஞ்சுது?" என்றபடி அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அந்தக் கேள்வி அவனுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நடந்தவை எதையும் லோகேஸ்வரன் கணக்குப் போட்டிருக்கவில்லை. பொறுப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாராவாரம் கார் கம்பெனிக்குப் போய் விளக்கம் சொல்லவேண்டும். ரத்னமாலா போனாள். திட்டு வாங்கிக்கொண்டு வருவாள் என்று காத்திருந்தான். அவள் அங்கே உள்ளவர்களின் பெயர்களைத் தெரிந்துகொண்டு வந்தாள். தலைமை அலுவலகத்திலும் அவளே நேரில் போய்ப் பேசினாள். கார்த்திகையில் கேமரா வைத்த புதுப் பசை மெஷின் லாரியில் வந்து இறங்கியது. பனி நின்றது. பிரச்சினையே இல்லாத துறையின் மேனேஜரை யாருக்கும் ஞாபகம் இல்லை. பிரச்சினையைத் தீர்த்தவளை எல்லோரும் பேசினார்கள்.

மெஷினுக்குப் பூஜை போட்டார்கள். கற்பூரம், பூசணிக்காய், காமாட்சி கோயில் குங்குமம். பாலாஜி அங்கேயே சொல்லிவிட்டார், ரத்னமாலா இனி ஏ.ஜி.எம். என்று. லோகேஸ்வரன் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான். உள்ளங்கை எரிந்தது.

ரத்னமாலா நேராக அவனிடம் வந்தாள். "லோகேஸ்வரன் சாருக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும். ரெண்டு வருஷமா இந்த மெஷினைக் கேட்டுக்கினே இருந்தேன். கம்ப்ளைண்ட் ஏதாச்சும் இருந்தா சொல்லும்மான்னு தட்டிக்கழிச்சாங்க. சார்தான் அன்னைக்கு விடாம கேட்டு, என் பேரை எழுதினாரு."

"டீம் ஒர்க்னா இதான்யா!" என்றார் பாலாஜி, மறுபடி முதுகில் தட்டி.

அவள் குத்திக்காட்டுகிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தேடினான். ஒன்றும் பிடிபடவில்லை. குத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. ஆவணிக் கையெழுத்தைப் பற்றி அவள் ஒருபோதும் பேசவில்லை. மறுவாரம் அவள் இட்ட முதல் உத்தரவு மட்டும் அவன் மேஜைக்கு வந்தது: இனி எல்லா விளக்கையும் சோதித்தே அனுப்பவேண்டும்.

ஏ.ஜி.எம்.முக்குக் கம்பெனி கார் உண்டு. அடுத்த திங்கட்கிழமை மூங்கில் மண்டபத்தில் பஸ் நின்றபோது முதல் இருக்கை காலியாக இருந்தது.

"உக்காருங்க சார், இனிமே உங்க சீட்டுதான்" என்றார் டிரைவர் கண்ணாயிரம்.

உட்கார்ந்தான். காலை வெயில் கண்ணில் நேராக அடித்தது. வாலாஜாபாத் தாண்டும்போது ஒரு வெள்ளைக் கார் பஸ்ஸை முந்தியது.

"நம்ம மேடம் சார். கையாட்டிக்கினு போறாங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்பா."

போன் அடித்தது. அவன் துறையில் வேலை பார்க்கும் பிரியதர்ஷினி. "சார், புதுசா ஒரு கம்ப்ளைண்ட். விளக்குக்குள்ள கோடு கோடா தெரியுதாம்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "கோடா? எங்கேருந்து வந்துதாம்? நம்ம பக்கமா இருக்குமா?"

"இருக்கலாம் சார். வெளியேருந்து வர்ற பார்ட்டை நாமதான செக் பண்ணி எடுக்கறோம்..."

"நல்லாப் பாரும்மா. நம்ம பக்கம்தானா?" அவன் குரலில் இருந்த ஆவல் அவனுக்கே கேட்டது. இத்தனை வருடத்தில் ஒரு குற்றத்துக்கு அவன் இப்படி ஆசைப்பட்டதில்லை.

"பயப்படாதீங்க சார்" என்றாள் பிரியதர்ஷினி. "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே அஞ்சாவது ஏன்ல உற்பத்தி பக்கம் திருப்பிட்டேன். ஷீட்டை இப்பதான் பாலாஜி சாருக்கு அனுப்பினேன். நம்ம பேரே வராது."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.