எந்தக் கட்சிக் கொடி

"பேனர் மட்டும் வேணாம்க்கா. மத்ததெல்லாம் பண்ணிக்கட்டும்."

ஸ்ரீமதி போனில் சொன்னது அவ்வளவுதான். ஒன்பதாவது படிக்கிற தங்கச்சி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. சந்திரலேகாவுக்குத்தான் மண்டை காய்ந்தது. வயசுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது லீவு நாளாகப் பார்த்து மஞ்சக்குப்பத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா. மண்டபம் இருக்கிற இடம் ஸ்ரீமதி பள்ளிக்கூடத்துக்கு பஸ் விட்டு இறங்குகிற அதே ஸ்டாப். வகுப்புப் பையன்கள் டீக்கடையில் நிற்கிற அதே ஸ்டாப்.

சந்திரலேகா சிதம்பரத்தில் இருந்தபடியே அம்மாவைப் போனில் பிடித்தாள்.

"உனக்குத்தான் வக்கில்லாம மேல்பட்டாம்பாக்கத்துல நம்ம வீட்டுலயே தண்ணி ஊத்தி முடிச்சோம்" என்றாள் மங்கலம். "இவளுக்காச்சும் ஊர் பாக்க செய்யணும்னு உன் மாமன் தலைகீழா நிக்குறான். அவன் மனச நோவடிக்கச் சொல்றியா?"

"ஊர் பாக்கணும்னா அவ மார்க்க பேனர்ல போடச் சொல்லு."

"நாலெழுத்து படிச்சிட்டல்ல, வாய் ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. அம்மாவிடம் கத்தினாள். டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் காத்திருந்த அப்பாவிடம் கத்தினாள். அவர் "உங்கம்மாகிட்ட பேசும்மா" என்று வைத்துவிட்டார். பெண்ணின் உடம்பு ஊருக்கான விளம்பரப் பலகை இல்லை என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டாள். மாமா ராஜவேல் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். படிக்காமலே போட்டிருப்பார். பேனரைப் பற்றி மாமாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி முடித்ததும் ஏதோ செய்துவிட்ட மாதிரி இருந்தது. அது சும்மா மூச்சு வாங்குவதுதான் என்று அவளுக்கே பாதி தெரியும்.

இதற்கு நடுவில் மெட்டே. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை ஆராய டென்மார்க்கிலிருந்து வந்தவள். சந்திரலேகா அதே ஆராய்ச்சியில் உதவியாளர். இருவருக்கும் ஒரே மாடி வீடு, ஒரே சமையலறை. மெட்டேவுக்கு இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். பொங்கலன்று பால் பொங்கி அடுப்பு நனைந்தபோது, எல்லோரும் ஏன் சந்தோஷமாகக் கத்துகிறார்கள் என்று கேட்டாள். ஆனித் திருமஞ்சனத் தேரை ஏன் இயந்திரம் வைத்து இழுக்கக் கூடாது என்று கேட்டாள். சந்திரலேகா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

அம்மா வேறு, "அந்த வெள்ளக்காரப் பொண்ண கண்டிப்பா கூட்டியா. உன் மாமன் நாலு பேருகிட்ட சொல்லிட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன விழா?" என்று மெட்டே கேட்டபோது சந்திரலேகா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் தங்கச்சிக்கு ரத்தம் வந்தது, அதற்காக ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு ஏன் வரும். அந்த ஏனுக்கு அவளிடம் கோபம் இருந்தது, பதில் இல்லை.

"பிறந்தநாள்" என்றாள்.

மெட்டேவின் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் கொடி கட்டுவார்களாம். நாட்டுக் கொடியைத்தான். வாசலில், மேசையில், கேக்கின் மேலேகூடக் குட்டிக் குட்டியாக. "எங்க ஊர்ல இதுக்கு போலீஸ் வரும்" என்றாள் சந்திரலேகா. சிரித்தார்கள். பேச்சு அதோடு போயிற்று என்று நினைத்தாள்.

ஞாயிறு காலை கடலூர் பஸ்ஸில் அவளுக்கு உட்கார முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பரங்கிப்பேட்டைப் பிரிவில் நினைத்தாள். ஆலப்பாக்கத்தில் நினைத்தாள். மெட்டே, இரவல் வாங்கிக் கட்டிய சேலையின் கொசுவத்தை மடியில் பத்திரமாக அள்ளி வைத்துக்கொண்டு, வெளியே போகிற தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டாப்பில் இறங்கியதும் பேனர்தான் முதலில் கண்ணில் பட்டது. சவுக்குக் கட்டையில் இழுத்துக் கட்டி, மண்டப வாசலையே மறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் ஸ்ரீமதி. பள்ளி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, தலையில் கிரீடம் வைத்து, பின்னால் மயில் தோகை விரித்திருந்தார்கள். கீழே, கறுப்புக் கண்ணாடியோடு கும்பிட்டபடி ராஜவேல் மாமா. அவருக்குக் கீழே கபடிக் குழுப் பையன்கள் வரிசையாக, ஆளுக்கொரு வட்டத்தில். மேலே, பூப்புனித நீராட்டு விழா என்று கொட்டை எழுத்து.

சந்திரலேகாவுக்கு முதலில் தோன்றியது: நல்லவேளை, எல்லாம் தமிழில் இருக்கிறது. மெட்டேவுக்குப் படிக்கத் தெரியாது.

"எவ்வளவு பெரிய படம்" என்று மெட்டே வியந்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு சரத்தை எடுத்தாள். காகிதக் கொடிகள், சிவப்பில் வெள்ளைச் சிலுவை. ஊரிலிருந்து வரும்போதே தன் பிறந்தநாளுக்காகக் கொண்டுவந்ததாம். சந்திரலேகா வாயைத் திறப்பதற்குள், மண்டபத்து வாசல் கம்பியில் ஒரு முனையைக் கட்டிவிட்டாள். மறுமுனையைப் பந்தல்காரர் வாங்கிக் கட்டினார்.

ராஜவேல் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னா லேகா இது, எந்தக் கட்சிக் கொடி? நம்ம விழாவுல கட்சியெல்லாம் வேணாம்மா, ரெண்டு பக்கத்து ஆளும் வராங்க."

"கட்சி இல்ல மாமா. அவுங்க ஊர் கொடி."

"சிலுவை போட்டிருக்கு. மாதா கோயில் கொடி மாதிரி இருக்குதே" என்றார் பக்கத்து வீட்டு மரியலூர்து, ஏற இறங்கப் பார்த்துவிட்டு. "எங்க பங்குக் கோயில்லயே இப்டி ஒண்ணு பாத்ததில்ல."

"சரி, வெளிநாட்டுக் கொடி. கெத்தாத்தான் இருக்கும், இருக்கட்டும்" என்று மாமா முடிவு சொல்லிவிட்டு, போட்டோக்காரரைக் கூப்பிடப் போனார்.

மாடியில் அலங்கார அறை. கண்ணாடி முன்னால் ஸ்ரீமதியை உட்காரவைத்து, சடையில் பூத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியே ரோடு தெரிந்தது. பேனரின் முதுகும் தெரிந்தது. மெட்டே குனிந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றாள் ஆங்கிலத்தில்.

ஸ்ரீமதி மெட்டேவைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள். சடை தைக்கிறவள் ஊசி எடுத்து வர வெளியே போனதும் கேட்டாள்.

"பொறந்தநாளா?"

"அவுங்களுக்கு வெளக்கிச் சொல்ல முடியாதுடி."

"எனக்குப் பொறந்தநாளு ஆடி மாசம்." ஸ்ரீமதி நெற்றிச் சுட்டியை நேராக்கிக்கொண்டாள். "ஒருத்தங்க முன்னாடி உனக்கு வெக்கமா இருக்குது, ஒரு பொய்ய சொல்லிட்ட. எனக்கு ஸ்கூலு முழுக்க வெக்கம். அதுக்கு என்னாக்கா பண்ண? ஸ்டேட்டஸ் வெச்ச."

சந்திரலேகா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

படியிறங்கினாள். பின்கட்டில் சமையல்காரர்கள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். "கத்திய ஒரு நிமிஷம் குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு, வரிசையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கட்டையோரம் நாற்காலியைப் போட்டு ஏறி, முதல் கயிற்றை அறுத்தாள். பேனரின் ஒரு மூலை சரிந்து மயிலின் தலை தொங்கியது.

"ஏய் லேகா, என்னா பண்ற நீ?"

"இன்னொரு கயிறுதான் மாமா. கீழ புடிச்சிக்குங்க, உங்க தலையில உழுந்துரும்."

மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் நாற்காலியை மறு கட்டையோரம் இழுத்துப் போட்டு அந்தக் கயிற்றையும் அறுத்துவிட, பேனர் முழுசாக அவர்மேல் வந்து சரிந்தது.

"தாய்மாமன்டி நான்" என்று பிளெக்ஸுக்கு உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "சீரு செய்யறவன் நான். எனக்கு உரிம இல்லையா?"

"சீர் செய்ங்க மாமா. மால போடுங்க, தட்டு தூக்குங்க, யாரு வேணாங்குறா. அவ ஸ்டாப்புல அவ மூஞ்சிய மாட்டாதீங்க. வேணாம்னு அவளே சொல்லிட்டா. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

மங்கலம் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல காரியம் நடக்குற வாசல்ல கத்திய தூக்கிக்கிட்டு நிக்குதே, இதெல்லாம் ஒரு பொண்ணா." அதற்கு மேல் பெரிய மகளோடு அன்று முழுக்க அவள் பேசவில்லை.

மெட்டே படிக்கட்டில் நின்றிருந்தாள். அவள் ஏன் என்று கேட்பதற்கு முன்பே சந்திரலேகா சொல்லிவிட்டாள், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே. பிறந்தநாள் இல்லை. முதல் மாதவிடாய். இந்தச் சாப்பாடு, பூ, மேளம் எல்லாம் அதற்குத்தான். முகம் சுளிப்பாள் என்று காத்திருந்தாள். சுளித்தால் அதற்கும் சண்டை போடத் தயாராக இருந்தாள்.

மெட்டே சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். "எங்க ஊர்ல இருபத்தஞ்சு வயசுல கல்யாணம் ஆகலைன்னா, பொறந்தநாளன்னிக்கு நடுத்தெருவுல கட்டிவெச்சு, மேல லவங்கப்பட்டைப் பொடி கொட்டுவாங்க. எனக்குக் கொட்டினாங்க. தண்ணி வேற ஊத்தினாங்க, பொடி ஒட்டணும்னு. ஒரு வாரம் காதுக்குள்ள பட்டை வாசனை."

"உனக்குப் பிடிச்சுதா?"

"இல்லை. ஆனா எல்லாப் போட்டோவுலயும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

சந்திரலேகா கீழே கிடந்த பிளெக்ஸைப் பார்த்தாள். கிரீடத்துக்குக் கீழே ஸ்ரீமதியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்போ என் கொடி தப்பு. கழட்டிடட்டுமா?" என்றாள் மெட்டே.

"என்னைக் கேக்காத. அவளக் கேப்போம்."

மாடி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பூச்சடையோடு ஸ்ரீமதி எட்டிப் பார்த்தாள். வெறும் சவுக்குக் கட்டைகளைப் பார்த்தாள், அக்காவின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"கொடி இருக்கட்டும்" என்றாள். "அது என்னான்னு யாருக்குத் தெரியப்போவுது." ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமா பேனரை மடித்துக்கொண்டிருந்தார். தன் முகம் மேலே வருகிற மாதிரி மடித்தார். "உன் கல்யாணத்துக்கு இதவிட ரெண்டு மடங்கா வெக்கிறேன் பாரு."

"வெய்ங்க மாமா. கத்தி எங்க கெடைக்கும்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

அவர் முறைத்துக்கொண்டே உள்ளே போனார். உள்ளே மேளம் தொடங்கியது. சந்திரலேகா போகவில்லை. ஸ்டாப்பைப் பார்த்தபடி வாசலிலேயே நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

சைக்கிளில் மூன்று பையன்கள் வந்தார்கள். ஒருத்தன் ஸ்ரீமதி பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் சட்டை போட்டிருந்தான். டீக்கடை முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று மண்டபத்தைப் பார்த்தார்கள்.

"எந்தக் கட்சிடா இது?"

"தெரியல. புதுசா ஆரம்பிச்சிருப்பானுங்க."

பெடலை மிதித்து மைதானத்துப் பக்கம் போய்விட்டார்கள். மேலே, ஸ்ரீமதி இருந்த அறையின் ஜன்னல் கதவு மெதுவாகத் திறந்தது.