பணக்காரக் கலவை

அலுவலகக் கடிதங்கள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்த அதே மாதத்தில்தான் பழுது எண் நூலும் வந்தது. கெட்டி அட்டை, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு எண், கையில் எடுத்தால் இரண்டு கிலோ கனக்கும். வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்துப் படிவத்தில் எழுத வேண்டும். எண் இல்லாத கோளாறு கோளாறே அல்ல என்று முன்னுரை சொன்னது.

பசுஞ்சிகரத் தேயிலைத் திட்டத்தின் அரவேணு கிளையில் இருந்ததோ ஒரே ஒரு ஜீப். கிளை அலுவலர் சபாபதி நூலுக்குக் குங்குமம் இட்டு, ஒரு நாள் பூசையில் வைத்து, பிறகு தம் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பின் நூல் இல்லாமல் அவர் ஜீப்பில் ஏறியதில்லை.

நூல் வந்த வாரமே ஜீப் கரும்புகை கக்கத் தொடங்கியது. சபாபதி வியப்படையவில்லை. நூல் வந்த பிறகு கோளாறு வருவதுதானே முறை.

கரும்புகை, பெட்ரோல் நெடி, கரி பிடித்த பிளக். மூன்றையும் நூலோடு ஒப்பிட்டு எண் 47 என்று கண்டுபிடித்தார். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் வரும் கோளாறு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ரிச் மிக்சர்'.

"ஏனுங்க சார், முந்திரிப் பருப்புப் போட்டதுங்களா?" என்று கேட்டாள் தட்டச்சர் லீலாவதி.

"அடிக்கிற வேலையப் பாரும்மா."

அகராதியைப் புரட்டி, 'வாகனத்தில் பணக்காரக் கலவை காணப்படுகிறது' என்று தமிழில் எழுதி அனுப்பினார்.

தலைமை அலுவலகத்தின் பதில் பத்தே நாளில் வந்தது. 'ஓட்டுநர் பரமசிவன் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், தற்காலிகப் பணியாளர் என்று பதிவேடு கூறுகிறது. அவர் ஓட்டும் வாகனத்தில் பணக்காரத் தன்மை எவ்வாறு வந்தது? வரும் வியாழனன்று ஆய்வாளர் நேரில் வருவார். புகை தொடர்ந்தால் ஓட்டுநர் நீக்கப்படுவார்.'

பரமசிவனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. வேலை போனால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கொடுத்திருந்த அறையும் போகும். இரண்டு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய குடும்பம், மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

புகைக்குக் காரணம் அவனுக்குத் தெரியும். குளிரில் எஞ்சின் கிளம்ப, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன்பலகையில் ஒரு குமிழ் உண்டு. சோக் என்பார்கள். வண்டி கிளம்பியதும் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். பரமசிவன் தள்ளுவான். சபாபதி ஏறி உட்கார்ந்து தம் மஞ்சள் பையை அந்தக் குமிழில்தான் மாட்டுவார். மேடு பள்ளத்தில் பை ஆட ஆட, நூலின் கனம் குமிழை வெளியே இழுத்துவிடும். பிறகு ஏற்றம் முழுக்கப் புகைதான்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "ஐயா, அந்தப் பைய கொஞ்சம்…"

"பைமேல கைய வெக்காதப்பா. உள்ள இருக்கிற நூலு அரசாணை மாதிரி."

புதன்கிழமை மாலை மனைவி தெய்வம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நாளைக்கு ஆய்வுக்கு வர்ற பெரிய மனுசன் முன்னுக்கே சொல்லிப்போடுங்க," என்றாள் அவள்.

"சொல்லலாம். அப்புறம் நம்ம சபாபதி ஐயா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்குவாரு?"

"நம்ம சட்டி பானைய எங்க கொண்டுபோயி வைக்கிறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

பரமசிவன் மூலைப் பக்கம் பார்த்தான். அங்கே மகள் அன்னக்கிளி பழுப்பு மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். கப்பலில் இறங்கியதும் தங்கவைத்திருந்த முகாமிலிருந்து இந்த மலைக்கு வந்த அன்று அவள் பல் கிட்டி நடுங்கினாள். பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சபாபதி, எழுந்து வந்து தம் கழுத்திலிருந்த மஃப்ளரை அவளுக்குச் சுற்றிவிட்டார். அது அலுவலகம் கொடுத்த மஃப்ளர். 'காற்றில் பறந்துவிட்டது' என்று இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் வாழ்க்கையில் எழுதிய பொய் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆண்டவன் அதைப் பொய்க் கணக்கில் சேர்த்திருக்க மாட்டான்.

தெய்வம்மாளும் மஃப்ளரைப் பார்த்தாள். கோபம் பாதியாகக் குறைந்தது.

பரமசிவன் எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான்.

"அறையில இருக்கிறதே அந்த ஒரு கொக்கிதான். சட்டைய எங்க மாட்டுவீங்க?"

"எம் மேலதான்."

வியாழன் காலை ஆய்வாளர் ராமகிருஷ்ணன் ஜீப்பின் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். மடியில் கோப்பு. கண் பின்பக்கம் புகைக்குழாய் மேலேயே இருந்தது. சபாபதி முன்னால் ஏறினார். வழக்கம்போல் பையோடு கை குமிழுக்குப் போனது. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே, கைக்கு வாகாக, ஒரு கொக்கி பளபளவென்று துடைத்து மாட்டியிருந்தது.

கை நின்றது. சபாபதி கொக்கியைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். பரமசிவன் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். சபாபதியின் காது மடல் சிவந்தது. பையைக் கொக்கியில் மாட்டினார்.

ஏற்றத்தில் ஜீப் முனகாமல் ஏறியது. பின்னால் பனிமூட்டம் வெள்ளையாகவே இருந்தது. ராமகிருஷ்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"பழுது எப்படிச் சரியாச்சு? எண் சொல்லுங்க, கோப்ப மூடணும்."

சபாபதி தொண்டையைச் செருமினார். புத்தகத்தைச் சொல்லலாம், காற்றைச் சொல்லலாம், ஓட்டுநரைச் சொன்னால் இன்னும் சுலபம்.

"அது வண்டியில இல்லீங்க. எம்பட பையில இருந்துச்சு," என்றார்.

"பைக்கு எண் கிடையாதே."

"கிடையாதுங்க. ஓட்டுநர் மேல தப்பில்லைன்னு எழுதிக்கோங்க. எண் வேணும்னா எம்பட ரூம் நம்பரப் போட்டுக்கோங்க."

எண் இல்லாத கோப்பை மூட முடியாதென்பதால், 'எண் 313: அலுவலரின் பை' என்று நூலின் கடைசிப் பக்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. எல்லாக் கிளைகளின் வண்டிகளிலும் நூலைத் தொங்கவிடக் கொக்கி பொருத்த வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. கிளைகளில் பாதிக்கு வண்டியே இல்லை. அங்கெல்லாம் கொக்கி மட்டும் போய்ச் சேர்ந்தது.

பரமசிவனின் நிரந்தர ஆணை வந்த அன்று சபாபதி தாமே லயத்துக்கு வந்தார். ஆணையோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் இரண்டு பித்தளைக் கொக்கிகள்.

"ஒண்ணு போதுமேங்கையா," என்றான் பரமசிவன்.

"ஒண்ணு நீ எடுத்ததுக்கு. இன்னொண்ணு சட்டைய மேலயே மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியாமா, அதுக்கு. லீலாவதி சொல்லுச்சு."

தெய்வம்மாள் தேநீர் கொண்டுவந்தாள். அதற்குள் அன்னக்கிளி ஒரு கொக்கியை வாங்கிச் சுவரில் வைத்துப் பார்த்து, மஃப்ளரை அதில் தொங்கவிட்டு அளவு பார்த்தாள். பரமசிவன் பதறிப்போய் அதை மறைக்கப் போனான்.

சபாபதி தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும் விடப்பா. காத்து எங்க கொண்டுவந்து போட்டிருக்குது பாரு."