நிற்கச் சொன்ன ஜீப்பு

பேச்சி செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த யோகராஜுக்குப் பக்கத்திலேயே ஓடிவந்தாள். மறுகையில் தூக்குவாளி. அவர் போட்டிருந்தது இதற்கென்றே மதுரைக்குப் போய் வாங்கிவந்த ஷூ. அப்படியிருந்தும் அவள் சளைக்காமல் கூடவே வந்தது அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"அண்ணே, முன்னால போறீகள்ல, சோலைமலை ஜீப்பைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கண்ணே. போனை எடுக்க மாட்டேங்குறான். இன்னைக்குன்னு பாத்துக் குழாய்ல தண்ணி வந்துருச்சு, பிடிச்சுவச்சுட்டு வர நேரமாயிருச்சு."

பேசினால் மூச்சு போய்விடும். யோகராஜ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முந்திப் போனார்.

பந்தயத்துக்காகப் போடியிலிருந்து முந்தல் போகும் சாலையை அடைத்திருந்தார்கள். ஊருக்குள் வந்து ஆளேற்றும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் அன்றைக்கு மலையடிவாரத்தோடு நின்றுகொண்டன. வேலைக்குப் போகிறவர்கள் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். ஜீப்பை விட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. பேச்சி முன்பு யோகராஜின் கடையில் ஏலக்காய் பொறுக்கியவள். அவள் பிழைப்பு அவருக்குத் தெரியாததல்ல.

ஆனால் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஐம்பதை நெருங்கும் வயதில், தொப்பையோடு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய முதல் நாள் கடைத்தெருவே சிரித்தது. மனைவி மகாராணி, "உங்களை யாரு வெரட்டுறா?" என்று கேட்டாள். ஒவ்வொரு பந்தயத்திலும் ஏதோ கொஞ்சத்தில் கைநழுவிப் போகும். இன்றைக்குத்தான் கடிகாரம் அவர் பக்கம் இருந்தது.

திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு கூம்பு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிப் புளியமரத்தடியில் ஜீப்பு. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சோலைமலை டீக்கடையில் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் போட்டால் போதும். கூப்பிட வாயைத் திறந்தும்விட்டார். உள்ளே போன காற்றை மூச்சாகவே வைத்துக்கொண்டு கூம்பைச் சுற்றித் திரும்பினார்.

எதிரே பேச்சி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீகளாண்ணே?"

யோகராஜின் தலை ஆமென்று ஆடியது. ஆட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆடிவிட்டது. அவள் முகம் தெளிந்தது. நின்று செருப்பை மாட்டிக்கொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பிறகு ஓடவில்லை, நடந்தாள். யோகராஜ் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அப்போதாவது கத்தி அவளை ஓடச் சொல்லியிருக்கலாம். கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். பதக்கம் போட்டார்கள், படம் பிடித்தார்கள். எல்லாரும் தோளில் தட்டத் தட்ட, எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வெட்கம், வேறொன்றுமில்லை. பதக்கத்தைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு அவர் வெளியே வர வெகுநேரமாகிவிட்டது. பந்தயம் முடிந்த மைதானத்து வாசல் நிழலில், திரும்பி நடந்துவந்த பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"நெனச்ச மாதிரி ஓடிட்டீகளாண்ணே?"

"ம்."

"நீங்க சொல்லியும் கெளப்பிட்டுப் போயிட்டான்ணே, பாவிப்பய. என் கண்ணு முன்னாடியே போறான்." தூக்குவாளியைத் திறந்து மூடியில் நீராகாரத்தை ஊற்றி நீட்டினாள். "குடிங்க, களைச்சுப்போய் வந்திருக்கீக. இனி எனக்கெதுக்கு இது."

வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்போது அவள் போன் அடித்தது.

"ஏண்டா, இப்பத்தான் ஒனக்குப் போன் கண்ணுல பட்டுச்சா? அண்ணே அம்புட்டுத் தூரம் ஓடியாந்து சொல்லியும் நிக்காமப் போயிருக்க!"

ஸ்பீக்கரில் சோலைமலையின் குரல் கேட்டது. "எந்த அண்ணே? எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. சொல்லியிருந்தா விட்டுட்டு வருவேனா?"

"பொய் சொல்லாத. யோகராஜ் அண்ணே இங்கனதான் நிக்கிறாரு." அவள் போனை யோகராஜின் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீங்களே கேளுங்கண்ணே அவன."

யோகராஜ் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். போனுக்குள், மலையில் பெண்கள் ஜீப்பிலிருந்து ஒவ்வொருவராக இறங்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே?" என்றான் சோலைமலை. "லைன்ல இருக்கீகளா?"