பத்தும் பத்தும்

என் தங்கை பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் அன்று காலை அலாரத்தின் பதிவுகளைத் திறந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் சொல்லலாம் என்றால் வாய் வராது.

அவள் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை மாலை தடுப்பூசி அறையைப் பூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை திறந்தால் ஃப்ரிட்ஜுக்குள் பத்தொன்பது டிகிரி. எட்டுக்கு மேல் போகவே கூடாத மருந்து அது. அத்தனையும் வீண். கைக்குழந்தைகளோடு வரிசையில் நின்ற அம்மாக்களைத் திருப்பி அனுப்பினார்கள். கதவைச் சரியாக மூடாமல், அடித்த அலாரத்தையும் அணைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த அலாரத்துக்கு மென்பொருள் எழுதியவள் நான்.

"அக்கா, அது அடிக்கவே இல்ல. கதவையும் ரெண்டு தரம் இழுத்துப் பார்த்துட்டுதான் போனேன்" என்றாள் போனில்.

"எங்க அலாரம் அடிக்காம இருக்காதுடி. அசதியில அணைச்சிருப்ப, மறந்திருப்ப. ஒத்துக்கோ, கொஞ்சம் திட்டிட்டு விட்டுடுவாங்க."

அவள் பதில் பேசவில்லை. நான் அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பதிவுகளில் அவள் அணைத்த தடயமே இல்லை. அலாரம் அடித்த தடயமும் இல்லை. ஞாயிறு மதியம்வரை நான்கு டிகிரியிலேயே நின்ற ஃப்ரிட்ஜ், அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சூடாகியிருந்தது. கதவு திறந்து கிடந்திருந்தால் சனிக்கிழமையே ஏறியிருக்கும். மெஷின்தான் நின்றுபோயிருக்கிறது. சரி, எட்டைத் தாண்டியும் என் அலாரம் ஏன் ஊமையாக இருந்தது?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அலாரம் மாதிரி ஒரு பொருளை உருவாக்கும்போது, அதற்கு வேண்டியதை அதுவே தேடிக்கொள்ள விடமாட்டோம். பிறக்கும்போதே வெளியிலிருந்து கையில் கொடுத்துவிடுவோம். இந்தா வெப்பமானி, இந்தா மணி, இந்தா இரண்டு எண்கள்: எத்தனை டிகிரியைத் தாண்டினால், எத்தனை நிமிடம் பொறுத்து அடிக்க வேண்டும். டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்பார்கள். முன்பொருமுறை இதைத் தங்கையிடம் விளக்கியபோது, "நீயும் ஊசி போடறவதானா? அப்புறம் எதுக்கு இவ்வளவு பந்தா?" என்று சிரித்தாள்.

வெப்பமானியின் இடத்தில் மணியைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் உடனே கத்தும். எண்களுக்கு அப்படிக் கத்தாது. எட்டு டிகிரியும் முப்பது நிமிடமும் அதற்கு வெறும் எட்டு, வெறும் முப்பது.

அலாரத்தை எழுதிய அன்றைக்கே, கூட வேலை செய்பவர் ஒருவர் இதைச் சொன்னார். எதைக் காட்டினாலும் ஒரு கேள்வி கேட்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர். "டிகிரிக்கு ஒரு வகை, நிமிஷத்துக்கு ஒரு வகைன்னு தனித்தனியா பேர் வச்சுடலாமே மேடம்? இடம் மாறினா தெரியாதே" என்றார்.

"ரெண்டே ரெண்டு நம்பர் சார். அதுக்குப் போய் ஆளுக்கொரு சட்டை தைக்கணுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார், பாவம்.

இரண்டு மாதத்துக்கு முன், பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமே என்று, நிமிடம் முதலில் டிகிரி அடுத்தது என வரிசையை மாற்றினேன். அந்த எண்களைக் கொடுக்கும் இடங்கள் மொத்தம் ஐந்து. நான்கைத் திருத்தியிருந்தேன். ஐந்தாவது, தங்கையின் ஆஸ்பத்திரியில் இருப்பது போன்ற சின்ன ஃப்ரிட்ஜுக்கானது. அங்கே எட்டும் முப்பதும் பழைய வரிசையிலேயே நின்றன. அதாவது, முப்பது டிகிரியைத் தாண்டினால் எட்டு நிமிடம் பொறுத்து அடி. ஏ.சி. ஓடும் அந்த அறையே முப்பதைத் தொடாது.

அப்படியானால், எதை மாற்றினாலும் தானாகச் சரிபார்க்கும் சோதனை ஓட்டத்தில் ஏன் மாட்டவில்லை? திறந்து பார்த்தேன். அந்த ஃப்ரிட்ஜுக்கான சோதனையில் கொடுத்திருந்த எண்கள்: பத்து, பத்து. பத்து டிகிரி, பத்து நிமிடம். யோசிக்கச் சோம்பல்பட்டுக் கைக்கு வந்ததை இரண்டு தரம் தட்டியிருக்கிறார்கள். திருப்பிப் போட்டாலும் பத்தும் பத்தும்தான். இரண்டு மாதமாகப் பச்சை டிக் விழுந்துகொண்டிருந்தது. எழுதியது யார் என்று பார்த்தேன். நானேதான்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதப்போவதாகவும் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கே சரிபண்ணி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிடலாம். கடிதமெல்லாம் எதுக்கு? அந்த நர்ஸும் அணைச்சிருக்கலாம் இல்லையா?"

"அணைக்கல சார். அவ என் தங்கச்சி."

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். பதிவுகள், தவறான வரி, பத்தும் பத்தும், கீழே என் பெயர். அனுப்புமுன் 'சந்தேகம்' சாரிடம் காட்டினேன். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மீதி நாலு இடத்தையும் இன்னொரு தரம் பார்த்துட்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு தங்கையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த ரெண்டு நம்பருக்கும் பேர் வச்சிருந்தா நடந்திருக்காதா?"

"நடந்திருக்காது."

"நாங்க சிரிஞ்சுல மருந்து இழுத்த உடனே பேர் ஒட்டிடுவோம்க்கா. எல்லாமே பார்க்கத் தண்ணி மாதிரிதானே இருக்கும்."

"மன்னிச்சுடுடி."

"பத்தும் பத்தும் போட்டுப் பார்த்தத ரெண்டு மாசமா நம்பியிருக்க. கதவ ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்னு நான் சொன்னத நம்பலையே."

போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விசாரணைக்கு நானும் போனேன். கடிதத்தைப் படித்த தலைமை மருத்துவர், அவள் மேல் குற்றமில்லை என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று அவளிடம் கேட்டார்.

"அலாரம் எழுதினவங்க" என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை.