பெவர்லிக்கு முதல் அறை

1

இந்தக் கதை ஓர் அடைப்புக்குறியில் பிறந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது. விடுமுறைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்தார்கள். பத்து நாள் கெடு. கையில் ஒன்றுமில்லாமல், யார்க்‌ஷரில் கிரிஸெல்பெக் என்ற சிற்றூரில் வாடகைக்கு விடும் காட்டேஜ் ஒன்றின் விவரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அறை ஒன்று: பெரிய கட்டில், ஓடையைப் பார்த்த ஜன்னல். அறை இரண்டு: இருவர் படுக்கும் கட்டில். அறை மூன்று: அடுக்குக் கட்டில் (பெரியவர்களுக்கு வசதிப்படாது).

அந்த மூன்றாவது அறையில் படுக்கப்போகும் பெரியவர் யார் என்று யோசித்தேன். ஆள் கிடைத்துவிட்டாள். தொடக்கம்தான் கிடைக்கவில்லை.

'பனி விலகாத அந்தக் கிராமத்துக் காலையில்' என்று ஆரம்பித்தேன். பெவர்லி இன்னும் கிராமத்துக்கே போகவில்லை. வேக்ஃபீல்டில் தன் சமையலறையில் உட்கார்ந்து திட்டம்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

'பெவர்லிக்கு ஐம்பத்துநான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆனால்'

அந்த 'ஆனால்' எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

2

பெவர்லி நகராட்சியில் குப்பை வண்டிப் பிரிவில் இருக்கிறாள். நாற்பத்திரண்டு வண்டிகள் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். எனவே குடும்பத்தின் கோடை விடுமுறையைத் திட்டமிடுவதும் அவள்தான். காட்டேஜ் பிடிப்பாள். நாயை உள்ளே விடுவார்களா, ஊரில் இருக்கும் ஒரே பப் திங்கட்கிழமை திறக்குமா என்றெல்லாம் விசாரிப்பாள். சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னால் யாரும் போய் வாசலில் நிற்கக் கூடாது என்று மூன்று முறை எழுதி அனுப்புவாள்.

அண்ணன் ரஸ்ஸலும் அண்ணி ஜோயனும் வருவார்கள். தங்கை ஹெதரும் அவள் புருஷன் கிளைவும் வருவார்கள். ஜோடி இரண்டு, நல்ல அறை இரண்டு. மிச்சம் பெவர்லி.

1997இல், முதல் காட்டேஜில், அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாரும் மாடிப்படி அடியில் தயங்கி நின்றார்கள். "எனக்கு எங்கன்னாலும் பரவாயில்ல" என்றாள் பெவர்லி. அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். உடனே மற்றவர்கள் "சேச்சே, எங்களுக்குத்தான் பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும். ரஸ்ஸல் சொல்வதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் ஜோயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதிப் படி ஏறிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை இருபத்தேழு வருஷம் செல்லுபடியாயிற்று. அடுக்குக் கட்டிலின் கீழ்த் தட்டில் படுத்திருக்கிறாள். மேல் தட்டிலிருந்து ரஸ்ஸல் மகனின் காலுறை மூக்குக்கு நேரே தொங்கும். சமையலறை சோபாவில் படுத்திருக்கிறாள். குளிர்பெட்டி முக்கால் மணிக்கு ஒரு தரம் உறுமும். நார்ஃபோக்கில் நாயோடு.

(அவள் வீட்டில் நல்ல கட்டில் இருக்குமே என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அங்கே நடுவில் படுத்தால் யாருக்குத் தெரியும்?)

இந்த வருஷம் அறைப் பட்டியலை இப்படி எழுதினாள். அறை 1: பெவர்லி. அறை 2: ஹெதர், கிளைவ். அறை 3: ரஸ்ஸல், ஜோயன். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் முன் இரண்டு முறை தேநீர் போட்டாள். இரண்டையும் குடிக்கவில்லை.

3

இங்கே நான் பயந்துவிட்டேன். இத்தனை வருஷம் சும்மா இருந்தவள் திடீரென்று கேட்டால் வாசகர் காரணம் கேட்பாரே. கார்டன் என்று ஓர் ஆளை உண்டாக்கினேன். ஓய்வுபெற்ற நில அளவையாளர், மனைவியை இழந்தவர், நல்ல சிரிப்பு. ஒன்றரைப் பக்கம் ஓடியது. கார்டன் தன் பெட்டியை முதல் அறையில் வைத்தபோதுதான் புரிந்தது, அறை இப்போதும் ஒரு ஜோடிக்குத்தான் கிடைக்கிறது. அவரை அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல மனிதர்.

பிறகு முதுகுவலி கொடுத்துப் பார்த்தேன். 'பெவர்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு' என்று எழுதியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த அறை வேண்டும். காரணம் எதுவும் வேண்டாம்.

4

பட்டியல் புதன்கிழமை போயிற்று. கிளைவ் ஒரு கட்டைவிரல் படம் போட்டான். மற்றவர்கள் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹெதர் வீட்டில் மதியச் சாப்பாடு.

"கிளைவ், அக்கா தட்டுல இன்னும் ரெண்டு துண்டு கறி வை."

"போதும்டி. என்ன இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?"

"எப்படி மெலிஞ்சு போயிட்டே பாரு."

"மூணு கிலோ ஏறியிருக்கேன்."

ஹெதர் கிளைவைப் பார்த்தாள். கிளைவ் உருளைக்கிழங்கைப் பார்த்தான்.

"பெவ், பட்டியல் பாத்தேன்" என்றான் ரஸ்ஸல். "பிரமாதம். நானே சொல்லணும்னு இருந்தேன், எங்களுக்கு அடுக்குக் கட்டில்னா ரொம்பப் பிடிக்கும்."

"அண்ணா, நீ ஆறடி ரெண்டு அங்குலம்."

"காலை மடக்கிக்கிட்டாப் போச்சு. நீ நல்லா ரெஸ்ட் எடு."

"எதுக்கு ரெஸ்ட்?"

ஜோயன் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தினாள். "கொஞ்சம் ஊத்திக்கம்மா." இருபத்தேழு வருஷத்தில் ஜோயன் அவளை அம்மா என்று சொன்னது அதுவே முதல் தடவை.

பாத்திரம் கழுவும்போது ஹெதர் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"நீயா சொல்ற வரைக்கும் நாங்க யாரும் கேக்க மாட்டோம். அதை மட்டும் தெரிஞ்சுக்கோ அக்கா." *

"எதைச் சொல்ற வரைக்கும்?" தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பெவர்லிக்கு அப்போதுதான் விளங்கிற்று. "அடியே, எனக்கு ஒண்ணுமில்லடி!"

"நீ அப்படித்தான் சொல்லுவே. அப்பாவும் கடைசி வரைக்கும் அதையேதானே சொன்னாரு."

"எனக்கு அந்த ரூம் வேணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"எடுத்துக்கோ அக்கா. உனக்கு இல்லாததா." ஹெதர் ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

* ஹெதர் அவளைப் 'பெவ்' என்றுதான் கூப்பிடுவாள். என் கையில் அக்கா என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

5

நிலைமையைப் பாருங்கள். நல்லாயிருக்கிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல நோய் முற்றிக்கொண்டே போகிறது. பெவர்லி விடவில்லை. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு, எல்லாம் சரி என்ற முடிவை அப்படியே குழுவில் போட்டாள். அதற்கு வந்த பதில் ஒன்றே ஒன்று, ஜோயனுடையது: "எதுக்காக டெஸ்ட் எடுத்தாங்க?"

ரஸ்ஸலைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அண்ணா, நேராவே கேக்கறேன். எனக்குச் சீக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கியா?"

"சேச்சே. யார் அப்படிச் சொன்னா?"

"ஹெதர் தூங்கறதே இல்லைன்னு கிளைவ் சொல்றான்."

"அவ சின்னதிலேர்ந்தே அப்படித்தான்." "பெவ், சாவியெல்லாம் நீ போய் வாங்க வேணாம். நான் முன்னாடியே போயிடறேன். உன் கட்டில்ல விரிப்பு நானே போட்டு வைக்கறேன்."

தான் திடமாக இருப்பதை நிரூபிக்க அவளுக்கு ஒரே வழி இருந்தது. பட்டியலைத் திருத்தி, மூன்றாவது அறை எனக்கு என்று எழுதினால் போதும். அன்று மாலையே ஹெதர் தூங்கிவிடுவாள். ரஸ்ஸல் நிம்மதியாக அவளைக் கிண்டல் செய்ய ஆரம்பிப்பான். பெவர்லி பட்டியலைத் திறந்தாள். தன் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

[இந்த இடத்தில் மூன்று நாள் எழுதவில்லை.]

திருத்தாமல் மூடினாள்.

6

சனிக்கிழமை, நாலரை மணி, கிரிஸெல்பெக். கிளைவ் அவள் பெட்டியைக் கண்ணாடிச் சாமான்போல மாடிக்குக் கொண்டுபோனான். முதல் அறையில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. தலைமாட்டில் வெந்நீர்ப் பை, பூங்கொத்து, கூப்பிடுவதற்கு ஒரு சிறிய மணி.

மூன்றாவது அறையில் ரஸ்ஸல் கீழ்த் தட்டில் படுத்து ஒத்திகை பார்த்தான். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே நின்றது. "அருமையா இருக்கு" என்றான். மேல் தட்டில் ஏறிவிட்ட ஜோயனுக்கு இறங்கத் தெரியவில்லை.

"கிளைவ்! அந்தப் பக்கத்துல பிடிங்க. அங்க இல்ல! பெவ்வுக்குக் கேக்கப்போகுது, மெதுவா!"

பெவ்வுக்குக் கேட்டது. கதவைச் சாத்தினாள். காலணியைக் கழற்றினாள். மணியை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். கட்டிலின் நடுவில் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் நீட்டினாள். விரல் நுனிகள் எந்த ஓரத்தையும் தொடவில்லை. ஓடைச் சத்தம் கேட்டது. ஜோயனை இறக்கும் சத்தமும் கேட்டது. இன்னும் சற்றுக் காலையும் விரித்தாள்.

கீழே ஹெதர் தேநீர் ஊற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினாள். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்திருந்தாள். மொத்தம் பதின்மூன்று படி.

நான் அவளை ஏழாவது படியில் நிறுத்திவிட்டேன். மேலே போனால் பெவர்லி சொல்லப்போவது ஒன்றேதான்: எனக்கு ஒண்ணுமில்ல. தங்கை நம்ப மாட்டாள். நம்ப வைக்க வேண்டுமானால் பெவர்லி எழுந்து அந்தப் பக்கத்து அறைக்குப் போய், ஏணியில் ஏறிப் படுக்க வேண்டும். ஒரு வாரக் கட்டிலா, தங்கையின் தூக்கமா என்று அவளைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் படுத்து நாலு நிமிஷம்தான் ஆகிறது.

ஹெதரை மேலே ஏற்றுவதோ கீழே இறக்குவதோ உங்கள் பொறுப்பு. தேநீர் ஆறுகிறது, சீக்கிரம் முடிவு செய்யுங்கள். எதை எழுதினாலும் சரி, பெவர்லிக்கு நிஜமாகவே ஒரு நோயைக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். எழுதாமல் இருந்த அந்த மூன்று நாளில் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.